பார்க்காமல் எழுதாதவர்

செத்த மாட்டைக் காட்டச் சொன்ன ஒரு மனிதரை அவருக்கு முன்பும் நான் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை.

அப்போது நான் ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் இரண்டாவது கிளாக்கராக இருந்தேன். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டு கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அதற்கு முன்பு வந்த ஆடிட்டர்மார் தோட்ட மானேஜரான துரையின் பங்களாவில் விருந்து சாப்பிட்டுவிட்டு, மறுநாள் புத்தகங்களின் ஓரத்தில் பச்சை மையால் கோடு கிழித்துவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். கொழும்புத் தலைமை அலுவலகம் அனுப்பிய இவரும் அந்த ரகம்தான் என்று நினைத்தோம். வந்த முதல் நாளே, பங்களாவுக்குப் பால் கறந்த மாடு ஒன்று செத்துப்போனதாக எழுதியிருந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“இந்த மாட்டைக் காட்டுங்க.”

“செத்துப்போச்சுங்க ஐயா,” என்றார் பெரிய கிளாக்கர். “பொதைச்சாச்சு.”

“சரிங்க. பொதைச்ச எடத்தைக் காட்டுங்க.”

பெரிய கிளாக்கர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் இரண்டு பேரை மண்வெட்டியோடு அனுப்பினோம். துரை முதற்கொண்டு எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நிற்க, அவர் மட்டும் குழியின் விளிம்பு வரை போய்க் குனிந்து பார்த்தார். மாடு இருந்தது. எப்படி இருந்தது என்று சொல்லி உங்கள் சாப்பாட்டைக் கெடுக்க மாட்டேன். “மூடிடுங்க. ரொம்ப சிரமம் குடுத்துட்டேன்,” என்று மண்வெட்டிக்காரர்கள் இருவரிடமும் சொல்லிவிட்டு வந்து, அந்த வரியின் பக்கத்தில் சின்னதாக ஒரு பச்சைக் கோடு போட்டார்.

வெலிமடைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒரே மாடு வருஷா வருஷம் செத்துக்கொண்டே இருந்ததாம். அதைக் கண்டுபிடித்த பிறகுதான் இந்தப் பழக்கம் அவருக்கு வந்தது என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது பிறவிக் குணம். பார்க்காத எதையும் அவரால் எழுத முடியாது, அவ்வளவுதான்.

எங்களுக்குள் அவர் ‘காட்டுங்க ஐயா’. அவருடைய சொந்தப் பெயர் கடிதங்களின் அடியில் கையெழுத்தாக இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஒல்லியான ஆள். முழங்கை தேய்ந்த கம்பளிச் சட்டை, கறுப்புக் குடை, மலையில் நடப்பதற்கென்று ஒரு ஜோடி கான்வஸ் சப்பாத்து. குரல் எழும்பவே எழும்பாது. துரையிடம் பேசுகிற அதே குரலில், அதே ‘நீங்க’ போட்டு, ஆபீஸ் கூட்டுகிற கிழவியிடமும் பேசுவார். எங்கள் ஆட்களுக்கு அது பழக்கமில்லை. “இந்த ஐயா நம்மள நீங்கன்றாரு. என்னமோ நடக்கப் போவுது,” என்று லயத்துக் குடியிருப்பில் பயந்துபோனார்கள்.

உர மூட்டை இத்தனை என்று நாங்கள் எழுதியிருந்தால் ஸ்டோருக்குள் போய் மூட்டைக்குள் கையை விடுவார், மேலே உரமும் அடியில் மண்ணுமாக இருக்கிறதா என்று. நிழல் மரம் வெட்டி விற்றதாக எழுதியிருந்தால் அட்டைக்கடி பட்டுக்கொண்டு ஏறிப்போய் அடிக்கட்டையைத் தொட்டுப் பார்ப்பார். பிள்ளைக் காம்பிராவில் இத்தனை குழந்தைகளுக்குப் பால்மா கொடுத்ததாக இருந்தால் அங்கேயும் போய் நிற்பார். கொழுந்து பறிக்கப் போன தாய்மார் விட்டுப்போன பிள்ளைகள், புது ஆளைக் கண்டதும் ஒன்று விடாமல் அழ ஆரம்பிக்கும். அவர் குடையை ஊன்றிக்கொண்டு, அழுகை அடங்கும்வரை பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நிற்பார். ஒரு பிள்ளையைத் தூக்கத் தெரியாது. ஆனால் எண்ணாமல் வெளியே வர மாட்டார்.

சிரித்தோம். உள்ளுக்குள் பயமும் இருந்தது.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ‘ஒரு பேர்’ என்று சொல்வோம். அரை நாள் செய்தால் அரைப் பேர். ஆளும் பேரும் ஒன்று என்பது எங்கள் பேச்சிலேயே உண்டு. கணக்கில் மட்டும் சில சமயம் ஆள் இல்லாமல் பேர் மட்டும் நடமாடும். மேல்பிரிவில் வேலை பார்த்த கணக்கப்பிள்ளை, இந்தியாவுக்குக் கப்பலேறிப் போய்விட்டவர்களின் பேரை வெட்டாமல் வைத்துக்கொண்டு மாதாமாதம் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தான். ஆடிட்டர் விடியற்காலையில், ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்துக்கு வரப்போகிறார் என்று காற்றுவாக்கில் தெரிந்ததும், ஹாலிஎலைக் கடைத்தெருவில் இருந்து சில பெண்களைக் கூட்டி வந்து, இடுப்பில் சாக்கும் முதுகில் கூடையுமாக வரிசையில் நிறுத்திவிட்டான். தலை எண்ணிக்கை சரியாக இருந்தது. நாங்களே அசந்துபோனோம்.

அவர் தலையை எண்ணவில்லை. வரிசையோடு நடந்து போய், ஒவ்வொருவரிடமும், “கையைக் காட்டுங்கம்மா,” என்றார். கொழுந்து பறிக்கிறவர்களின் விரல் நுனி கொழுந்துச் சாறு பட்டுப் பட்டுக் கறுத்திருக்கும். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாது. கடைத்தெருப் பெண்களின் கைகள் பளிச்சென்று இருந்தன. ஒருத்தியின் விரலில் மருதாணிகூட இருந்தது.

கணக்கப்பிள்ளைக்கு வேலை போயிற்று. அவன் மனைவி, ஆபீஸ் வாசலில் இவரை மறித்துக்கொண்டு, வாயில் வந்த சாபத்தையெல்லாம் கொட்டி மண்ணை வாரித் தூற்றினாள். நான் குறுக்கே போனேன். “விடுங்க, பேசி முடிக்கட்டும்,” என்று குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அவள் ஓய்ந்து போனதும் சட்டையைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்து விட்ட இடத்தில் இருந்து வேலையைத் தொடர்ந்தார். இவருக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதோ என்று அன்றைக்கு எனக்கு வெறுப்பாகத்தான் இருந்தது.

அவர்கள் வீட்டைக் காலி செய்த நாளில் அவர் பண்டாரவளைப் பக்கம் வேறு தோட்டத்தில் இருந்தார். பஸ் பிடித்து இங்கே வந்தார். லொறியில் சட்டி பானை, கட்டில், தையல் மெஷின் என்று ஒவ்வொன்றாக ஏற்றி முடியும் மட்டும் எதிர்ப்பக்கத்து மேட்டில் நின்று பார்த்தார். ஆத்திரத்தோடு கேட்டேன், “இதையும் பார்க்கணுமாங்க ஐயா?”

“நான் எழுதினதுதானே இது,” என்றார். “பார்க்கணும்ல.”

அதற்குப் பிறகு அவரை வெறுக்க என்னால் முடியவில்லை.

அவர் வந்தால் துரை பங்களாவில் தங்க மாட்டார். ஆள் இல்லாமல் கிடந்த ஒரு குவாட்டர்சின் முன்னறையைத் திறந்து கொடுக்கச் சொல்வார். தானே மண்ணெண்ணெய் அடுப்பு கொண்டு வருவார். கடையில் வாங்கிய பாண் ரொட்டிக்குப் பருப்பு அவரே சமைத்துக்கொள்வார். தேயிலைத் தோட்டத்தில் கிடந்துகொண்டு, தேயிலையைக்கூட பதுளையில் கடையில் வாங்கி வருவார். பொழுது சாய்ந்ததும் ஸ்டாப் கிளப்பில் நாங்கள் கேரம் ஆடுவோம். ஒரு தடவை, சத்தம் கேட்டு வந்தாரோ என்னமோ, வாசலில் வந்து நின்றார். எல்லோரும் எழுந்து நின்றோம். ஆட்டம் நின்றது. கொஞ்ச நேரம் அந்தப் பலகையைப் பார்த்தார். “ஆடுங்க, ஆடுங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார். மறுபடியும் அந்தப் பக்கம் வரவே இல்லை. உட்காருங்கள் ஐயா என்று எங்களில் ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை.

என் வீட்டில் ஒருமுறை கொழுக்கட்டை செய்து கொடுத்தனுப்பினாள். அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடி, என் கையிலேயே கொடுத்தார். “தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க வீட்டுல தின்னுட்டு உங்க கணக்கைப் பார்த்தா எனக்குக் கண்ணு மங்கிடும்.”

என் வீட்டுக்காரிக்கு வந்ததே கோபம். “மாட்டுக் குழிக்குள்ள எட்டிப் பாக்கத் தெரியுது. ஒரு கொழுக்கட்டை திங்க முடியலியா அந்த மனுசனால? வீட்டுல யாரும் சொல்லிக் குடுக்கலியா?”

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதே எங்களுக்குத் தெரியாது. மாத்தளைப் பக்கம் என்று சொன்னார்கள். கல்யாணம் ஆகவில்லை என்றார்கள், ஆகி மனைவி இறந்துவிட்டாள் என்றும் சொன்னார்கள். கேட்க யாருக்கும் துணிவில்லை. ஊரில் உள்ள எல்லாவற்றையும் பார்த்து எழுதுகிறவரைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாமல் இருந்தது.

என் மூத்த மகளுக்குக் காது குத்தினபோது அவர் தோட்டத்தில் இருந்தார். மரியாதைக்குச் சொன்னேன். வரவில்லை, வர மாட்டார் என்றும் தெரியும். ரேடியோ செட் வைத்துப் பாட்டுப் போட்டிருந்தோம். தூறல் விழுந்துகொண்டிருந்த நேரத்தில் தற்செயலாக வெளியே வந்தேன். கீழே ரோட்டு வளைவில் குடையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். அவர்தான். பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். கூப்பிடலாம் என்று படியிறங்கினேன். என்னைக் கண்டதும் ஏதோ வேலையாகப் போகிறவர் போல விறுவிறுவென்று நடந்துவிட்டார். அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவரை ஒரு பழைய பஞ்சாங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் பகுதியில் முதன்முதலில் எலெக்ட்ரானிக் கல்குலேட்டர் கொண்டு வந்தவர் அவர்தான். எங்கள் ஆபீசில் கைப்பிடியைச் சுற்றினால் கடகடவென்று கத்துகிற கூட்டல் மெஷின் ஒன்று இருந்தது. அதைக் கேட்டாலே பெரிய கிளாக்கருக்குத் தலைவலி வந்துவிடும். இவர் பதுளைக் கடைவீதியில், மருமகன் வெளிநாட்டில் இருந்து அனுப்பியதை விற்ற ஒரு முஸ்லிம் கடைக்கார நானாவிடம் சொந்தக் காசு கொடுத்து வாங்கி வந்தார். சிவப்பு எழுத்தில் கணக்கு எரிந்தது. ஆபீசே சுற்றி நின்று பார்த்தது. அவர் முதல் நாள் முழுவதும் அதில் ஒரு தடவை, மனக்கணக்கில் ஒரு தடவை என்று கூட்டிப் பார்த்தார். சாயங்காலம் ஆனதும் அதைச் சட்டைப்பையில் வைத்துத் தட்டிக் கொடுத்தார்.

“இது பொய் சொல்லாது. இனி இது கூட்டட்டும், நான் போய்ப் பார்க்குறேன்.”

தலைமை அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோதும் அவருக்குச் சந்தோஷம்தான். வயதில் இளையவர்களோடு உட்கார்ந்து பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தார். “அதுக்குத் தனி ரூம். குளிர் மெஷின் போட்டிருக்கு. செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள போகணும்,” என்று எங்களுக்குச் சொன்னார். நாங்கள் கோயிலா என்று கேட்டோம். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். ஒரே டீசல் பில்லுக்கு இரண்டு தோட்டங்கள் பணம் வாங்கியிருந்ததை அந்த மெஷின் ஒரே மூச்சில் பிடித்துவிட்டதாம். “நான் நடந்து தேடியிருந்தா வருஷக்கணக்கா ஆகியிருக்கும். இனிமே கூட்டல் வேலை மிச்சம். அந்த நாளெல்லாம் மலையில நடக்கலாம்.”

இதில்தான் அவர் ஏமாந்தார். கூட்டல் வேலை மிச்சமானதும் மேலிடத்தில் அந்த நாட்களையும் மிச்சம் பிடித்துவிட்டார்கள். ஒரு வாரம் தங்கினவருக்கு ஒரே நாள் அனுமதி என்று ஆயிற்று. தேட வேண்டியதை மெஷினே தேடிப் பட்டியல் கொடுக்கும், ஆடிட்டர் போய்க் கையெழுத்து வாங்கி வந்தால் போதும் என்பது புது ஏற்பாடு.

அந்த மெஷினுக்குத் தீனியாக, தொழிலாளர் ஒவ்வொருவருடைய விபரமும் கேட்டு எங்களுக்குப் படிவம் வந்தது. பேர், பிரிவு, பிறந்த தேதி, வேலைக்குச் சேர்ந்த தேதி. எங்கள் ஆட்களிடம் பிறந்த தேதியைக் கேட்டால் என்ன சொல்வார்கள்? “பழைய துரைக்குக் கல்யாணம் நடந்த வருஷம்,” என்பார்கள். “மண்சரிஞ்சு கோயில் லயம் போச்சே, அதுக்கு அடுத்த மழைக்கு,” என்பார்கள். பிறப்புப் பதிவுத் துண்டு இருந்தவர்களுக்குத் துண்டைப் பார்த்து எழுதினோம். இல்லாதவர்களுக்கு முகத்தைப் பார்த்து வருஷத்தைப் போட்டு, மாதமும் தேதியும் ஜனவரி ஒன்று என்று நிரப்பச் சொன்னார் பெரிய கிளாக்கர். எங்களுக்கும் கை வலி மிச்சம். ஆக, எங்கள் தோட்டத்தில் முக்கால்வாசிப் பேர் புது வருஷத்தன்று பிறந்தார்கள்.

கம்ப்யூட்டர் அதை நம்பிவிட்டது. அடுத்த முறை அவர் வந்தபோது, ஓரத்தில் துளை போட்ட அகலமான தாள், மடிப்பு மடிப்பாகக் கையில் இருந்தது. அதில் எங்கள் மேல்பிரிவைச் சேர்ந்த முத்தாயி என்ற பேர் இரண்டு தடவை வந்திருந்தது. ஒரே பேர், ஒரே பிரிவு, ஒரே பிறந்த தேதி, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தது. இரண்டாவது முத்தாயி பொய்ப்பேர், வெட்டிவிடவும் என்று குறிப்பு.

எங்கள் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், ஒருத்தி நெட்ட முத்தாயி, இன்னொருத்தி குட்ட முத்தாயி. நெட்டையும் குட்டையும் எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. மெஷின் வெட்டச் சொன்னது குட்ட முத்தாயியை. புருஷன் இல்லை. ஒரே மகன் பெண்டாட்டி பிள்ளைகளோடு இந்தியாவுக்குப் போய், வந்துகொண்டிருந்த கடிதமும் நின்றுவிட்டது. பேர் போனால் லயத்துக் காம்பிராவும் போகும். அந்த ஒற்றைக் காம்பிராவைத் தவிர இந்த உலகத்தில் அவளுக்கென்று நிற்க ஒரு இடம் கிடையாது.

“ரெண்டு பேரையும் காட்டுங்க,” என்றார்.

நெட்ட முத்தாயி வந்து நின்றாள். மற்றவள், மலையில் சறுக்கி விழுந்து கால் முறிந்து பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பெரிய கிளாக்கர், கங்காணி, நான், மூன்று பேரும் சத்தியம் செய்தோம். சம்பளத் தாளில் இரண்டு வெவ்வேறு கைரேகை இருப்பதைக் காட்டினேன்.

“ரேகை பார்க்க நான் போலீஸ் இல்லீங்க. ஆளைப் பார்க்காம எப்படி எழுதுறது?”

எனக்குப் பொறுமை போய்விட்டது. “இத்தன வருஷமா எங்களைப் பார்க்குறீங்களே ஐயா. எங்க வார்த்தைக்கு ஒரு மதிப்பும் இல்லியா?”

“அதுக்கில்ல,” என்றார். “உங்களை நம்பி எழுதினா, நாளைக்கு இன்னொருத்தரையும் நம்பி எழுதணும்.” தாளை மடித்து வைத்தார். பிறகு குடையை எடுத்தார். “வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

பஸ்ஸில் போனோம். பார்வை நேரம் வரும்வரை ஆஸ்பத்திரி வாசலில் மதில் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். அவர் பிடிக்க வேண்டிய ரயில் போய்விட்டது. வாசலில் ஆட்கள் தோடம்பழம், திராட்சை என்று வாங்கிக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்தவர், எழுந்து போய் ஒரு தோடம்பழப் பை வாங்கி வந்தார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. “வெறுங்கையோட போனா நல்லா இருக்காதுல்ல,” என்றார், யாரிடமோ அனுமதி கேட்பவர் மாதிரி.

வார்டில் முத்தாயி கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்தாள். எங்களைக் கண்டதும் பதறி எழும்பப் பார்த்தாள். அவர் கையமர்த்தினார். பக்கத்துக் கட்டிலைச் சுற்றி ஒரு குடும்பமே நின்றது. அந்தக் கட்டில்காரி, “யாரு ஒங்க சொந்தமா?” என்று கேட்டாள். முத்தாயியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. “பெரிய ஆபீஸ் ஐயா. என்னப் பாக்கத்தான் கொழும்புல இருந்து வந்திருக்காங்க,” என்றாள்.

அது பொய்யும் இல்லை. அவர் திருத்தவும் இல்லை. பழப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, “வலி எப்படி இருக்கும்மா?” என்று கேட்டார். மணி அடித்து எல்லோரையும் வெளியே போகச் சொல்லும்வரை அந்தக் கட்டிலோரத்திலேயே நின்றார். பார்த்தாயிற்று, கோடு போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஏன் நின்றார் என்று நான் கேட்கவில்லை.

‘இருவரையும் நேரில் கண்டேன். இருவரும் வேறு வேறு ஆட்கள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். முடிந்தது என்று நிம்மதியாக இருந்தோம். சில வாரங்களில் பதில் வந்தது. நேரில் கண்டதைப் பதிவு செய்யக் கம்ப்யூட்டரில் இடம் இல்லை. விபரங்களில் வித்தியாசம் இருந்தால் மட்டுமே இரண்டு பேராக ஏற்க முடியும். இந்த மாத முடிவுக்குள் திருத்தம் வராவிட்டால் இரண்டாவது பேர் தானாகவே நீங்கிவிடும். அனுமதி பெறாமல் ஒரு நாள் அதிகம் எடுத்ததற்கு அவரிடம் விளக்கமும் கேட்டிருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எனக்கு வந்த எரிச்சலில் புதுப் படிவம் ஒன்றை எடுத்தேன். அன்றைக்குக் காலண்டரில் ஆகஸ்ட் பன்னிரண்டு. குட்ட முத்தாயியின் பிறந்த தேதிக்கு நேரே அதையே எழுதினேன். இதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் கிடையாது. நடந்து போய்க் கண்ணால் பார்த்த உண்மையை அந்த மெஷின் தின்னாது, நான் மேசையில் உட்கார்ந்து போட்ட தேதியைத் தின்னும் என்றால், தின்னட்டும். ஒரே ஒரு சிக்கல். திருத்தப் படிவத்தில் ஆடிட்டர் ‘சரிபார்த்தேன்’ என்று கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த மாதம் முடிகிற தறுவாயில் அவர் ஜீப்பில் வந்தார். எல்லாத் தோட்டங்களுக்கும் போய்ப் படிவங்களைச் சேர்த்துக்கொண்டு போகிற வேலை, எங்களுக்கு அரை மணி நேரம்தான். இனிமேல் ஆடிட்டர் மலைக்கு வரமாட்டார், தாள்கள் மட்டும் தபாலில் வரும் என்று அவரே சொன்னார். முகம் வாடிப் போயிருந்தது. நான் படிவத்தை நீட்டினேன். தேதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“அவங்களைக் கூப்பிடுங்க.”

குட்ட முத்தாயி ஆஸ்பத்திரியில் இருந்து வந்திருந்தாள். கம்பை ஊன்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். அவர் ஒரு நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

“ஒங்க பொறந்த நாள் எதும்மா?”

“ஆகஸ்ட்டு பன்னெண்டுங்க.”

“யாரு சொன்னாங்க?”

“கிளாக்கர் ஐயாதாங்க.”

பொய் சொல்லத் தெரியாதவளுக்கு நான் பாதிதான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். “நீங்க துண்டு ஏதும் பார்த்தீங்களா?”

“இல்லீங்க ஐயா. துண்டும் இல்ல, இவ பொறந்ததப் பார்த்தவங்க ஒருத்தரும் உசிரோட இல்ல. கையெழுத்து இல்லேன்னா நாளான்னைக்கு இவ பேரு போயிரும். அதையும் நீங்க வந்து பார்க்க முடியாது.”

கடைசியாகச் சொன்னது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றினார். திரும்ப மாட்டினார். வெளியே டிரைவர் ஹோர்ன் அடித்தான். அவர் முத்தாயியைப் பார்த்தபடியே இருந்தார், கறுத்துப்போன விரல் நுனிகளை, கம்பை, வீக்கம் வடியாத காலை. பிறகு மூடியைக் கழற்றிக் குனிந்து, ‘சரிபார்த்தேன்’ என்று அச்சடித்திருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை தாளைக் கையிலேயே வைத்திருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. என்னால் பார்க்க முடியவில்லை.

“சரிம்மா. இனி ஒங்க பேரு போகாது,” என்றார்.

முத்தாயி கும்பிட்டாள். போகத் திரும்பியவள் நின்றாள்.

“ஐயா, அன்னைக்கு என்னங்க செய்யணும்?”

“என்னைக்கும்மா?”

“அந்தப் பொறந்த நாளைக்குங்க. இத்தன வயசுக்கப்பறம் ஒரு நாளக் குடுத்திருக்கீங்க. சும்மா விட்றலாமாங்க?”

எந்தக் கேள்விக்கும் விதி எண்ணோடு பதில் சொல்கிற மனிதர் மேசையில் கிடந்த தாள்களை எடுத்து அடுக்கினார். அடுக்கியதையே மறுபடியும் அடுக்கினார்.

“தெரியலியேம்மா,” என்றார். “எனக்கு யாரும் செஞ்சதில்ல.”

முத்தாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்ப ஐயாவும் என்னய மாதிரித்தான்,” என்றாள்.

“ஆமாங்கம்மா,” என்றார் அவர். தாள்களை எடுத்துக்கொண்டு போய் ஜீப்பில் ஏறினார்.